கோடு சரி, தூரம் தப்பு

மொத்தம் 23 கொட்டு. ஐந்து நாள் ஆஸ்பத்திரி, மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை, கையை விட்டுப் போனது 74,000 ரூபாய். கீழே விழுந்து முன்கண்ணாடி உடைந்த லென்ஸுக்கு 11,500 தனி. கடந்தை என்கிற பெருங்குளவியைப் பார்க்கப் போனதில் வந்த கணக்கு இது. பூச்சி பார்க்கிறவர்கள் பாம்பைப் பற்றிப் பேசுகிற அளவுக்குக் கடந்தையைப் பற்றிப் பேசுவதில்லை. “கிட்டப் போகாதே” என்பதோடு முடித்துவிடுகிறார்கள். கிட்ட என்றால் எத்தனை மீட்டர், தெரியாமல் போய்விட்டால் எப்படி வெளியே வருவது, கொட்டு வாங்கியபின் எத்தனை நாள் எதைக் கவனிப்பது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நடுநடுவே நின்று சொல்ல வேண்டியவைதான் அதிகம்.

முதலில் எந்தப் பூச்சி என்று தெளிவாக இருக்கட்டும். சிவகங்கைப் பக்கம் கடந்தை என்போம், தஞ்சாவூர் பக்கம் கதண்டு என்பார்கள், செய்தித்தாளில் வந்தால் எல்லாமே ‘விஷ வண்டு’. இந்த விஷ வண்டு என்ற சொல்லால் பெரிய குழப்பம். மலைத்தேனீயையும் அந்தப் பெயரிலேயே போட்டுவிடுகிறார்கள். மலைத்தேனீயின் அடை ஒற்றை அடை, மூடாமல் திறந்து தொங்கும், மேலே தேனீ போர்வை மாதிரி அப்பியிருக்கும். கடந்தைக் கூட்டில் அடை வெளியே தெரியாது. மட்கிய மரத்தைச் சுரண்டி மென்று செய்த காகிதச் சுவர் சுற்றி மூடியிருக்கும், போக வர ஒரு வாசல். சுவரில் சாம்பலும் பழுப்புமாக அலை அலையாக வரி ஓடும். தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நின்றுவிடும், உடனே சுரண்டி எடுக்க வேண்டும். கடந்தைக்குக் கொடுக்கு வழவழப்பானது, உருவிக்கொண்டு அதே பூச்சி திரும்பத் திரும்பக் கொட்டும். கொட்டுவது பெண் பூச்சி மட்டும், ஆணுக்குக் கொடுக்கு கிடையாது. ஆனால் பறக்கிற பூச்சியில் ஆண் எது பெண் எது என்று பார்த்துச் சொல்லும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

நம் சமவெளியில் நான் அதிகம் பார்ப்பது வெஸ்பா ட்ராபிகா என்ற இனம். வேலைக்காரப் பூச்சி ஏறக்குறைய இரண்டரை செண்டிமீட்டர், ராணி மூன்றைத் தொடும். உடல் கரும்பழுப்பு, வயிற்றின் இரண்டாம் கண்டத்தில் மட்டும் அகலமான மஞ்சள் பட்டை, அதற்குப் பின்னால் கறுப்பு. முதல் இரண்டு கண்டமும் சேர்ந்து ஆரஞ்சு மஞ்சளாக இருந்தால் அது வெஸ்பா அஃபினிஸ். இலங்கையில் இதன் கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். இணையத்தில் ‘கொலைகாரக் குளவி’ என்று படம் போடுகிறார்களே, அந்த வெஸ்பா மண்டரினியா இமயமலை, வடகிழக்குப் பக்கம். நம் ஊரில் கிடையாது. மூங்கிலில் துளை போடும் குண்டுக் கருவண்டைக் கடந்தை என்று பயந்து ஓடுகிறவர்களும் உண்டு. அது மரம் துளைக்கும் தேனீ, அதன் பாட்டுக்குப் போய்விடும்.

என்னை இழுத்தது கூடு அல்ல, கொள்ளை. வயல் பம்புசெட் கொட்டகையின் உத்தரத்தில் சின்னக் குளவி ஒன்று கூடு கட்டியிருந்தது. மூடாத, அறுகோண அறை வரிசையாகத் தெரிகிற சிறு கூடு. டிசம்பர் முதல் வாரம் அதில் ஒரு கடந்தை வந்து இறங்கியது. சின்னக் குளவிகள் முப்பது நாற்பது இருந்தும் ஒன்றுகூட எதிர்க்கவில்லை. கூட்டை விட்டு விலகிப் பக்கத்துச் சுவரில் கூட்டமாக ஒதுங்கி நின்றன. கடந்தை ஒவ்வோர் அறையாகத் தலையை விட்டுப் புழுவை இழுத்து, மென்று உருட்டி, உருண்டையைத் தூக்கிக்கொண்டு போனது. ஆறேழு நிமிடத்தில் திரும்பி வந்தது. இடது முன்சிறகு நுனி கிழிந்த பூச்சி என்பதால் அதே பூச்சிதான் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்த ரோபாலிடியா மார்ஜினாட்டா என்ற சின்னக் குளவிக்கு இந்த ட்ராபிகாதான் பெரிய எதிரி. உருண்டையைக் கடந்தை தானே தின்பதில்லை. வளர்ந்த பூச்சிக்கு இனிப்பு நீர் போதும்: மரப்பால், அழுகிய பழம், பதநீர். இறைச்சி புழுவுக்கு. புழு பதிலுக்கு வாயிலிருந்து சத்துநீர் சுரந்து கொடுக்கும், அதை வளர்ந்த பூச்சி குடிக்கும். இதெல்லாம் தெரிந்தபின் கூடு எங்கே என்று தேடாமல் இருக்க முடியுமா? எனக்கு முடியவில்லை.

கூடு தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது, அதை அரைகுறையாகச் செய்ததுதான் என் பிழை. சுமையோடு போகும் கடந்தை நேராகக் கூட்டுக்குப் போகும். கிளம்பும்போது ஒன்றிரண்டு வட்டம் அடித்து உயரம் பிடித்தபின் அது பிடிக்கும் திசைதான் கோடு. அந்தத் திசையைத் திசைகாட்டியில் பாகையாகக் குறித்துக்கொள்ள வேண்டும், ஒரு முறை அல்ல, ஐந்தாறு முறை. பிறகு வேறோர் இடத்துக்கு நகர்ந்து, அங்கும் இரை வைத்து, அங்கிருந்து கிளம்பும் திசையைக் குறிக்க வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் கூடு. இரைக்குப் பச்சை மீன் துண்டு அல்லது நசுக்கிய கனிந்த வாழைப்பழம் போதும். ஜப்பானில் கூடு தேடுகிறவர்கள் இறைச்சித் துணுக்கில் மெல்லிய வெள்ளை நாடாவைக் கட்டிக் குளவி கையில் கொடுத்துப் பின்னாலேயே ஓடுவார்கள். கண்மாய்க்குள் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிற நம் காட்டில் அப்படி ஓடினால் முள்தான் மிச்சம். அதனால் பாகைக் கணக்குத்தான் நமக்குச் சரி.

அந்தக் கணக்கில் ஒரு பொறி. இரண்டாவது இடம் முதல் இடத்திலிருந்து போதுமான அளவு விலகியிருக்க வேண்டும், அதுவும் பக்கவாட்டில். நான் சோம்பல்பட்டு 30 மீட்டர்தான் நகர்ந்தேன். கூடு இருந்தது சுமார் 200 மீட்டரில். அந்த அமைப்பில் இரண்டு கோடும் வெட்டும் கோணம் எட்டரைப் பாகை. செல்போன் திசைகாட்டியில் மூன்று பாகை பிசகு சர்வ சாதாரணம். கோணம் ஐந்தரை என்று வந்தால் கூடு 311 மீட்டரில் என்று காட்டும், பதினொன்றரை என்று வந்தால் 147 மீட்டரில். அதாவது கூடு இந்த 160 மீட்டருக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இதையே 150 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து எடுத்திருந்தால், அதே மூன்று பாகைப் பிசகுக்குத் தூரம் 179 மீட்டருக்கும் 223 மீட்டருக்கும் நடுவில் அடங்கியிருக்கும். முறை தெரியாதவர்களுக்கு எளிய விதி: எவ்வளவு தூரத்தில் கூடு இருக்கும் என்று நினைக்கிறீர்களோ, அதில் பாதிக்கு மேலாவது பக்கவாட்டில் நகருங்கள். காந்தப் பிசகைக் குறைக்க மோட்டார், மின்கம்பம், பைக் பக்கம் நின்று பாகை எடுக்காதீர்கள். நான் எடுத்ததே பம்புசெட் கொட்டகை வாசலில் நின்று.

எனக்கு வந்த கோடு கண்மாய்க் கரையில் வரிசையாக நின்ற பனைகளைக் காட்டியது. நான்கு நெட்டைப் பனை, அவற்றுக்கு முன்னால் ஆளுயரத்துக்குச் சற்று மேல் வளர்ந்த வடலிகள், அதாவது இளம் பனைகள். நெட்டைப் பனையின் கொண்டையில்தான் கூடு என்று மனம் முடிவு கட்டிவிட்டது. உயரத்தில் இருக்கிறது, அடியில் நின்றால் என்ன என்ற தைரியமும் வந்துவிட்டது. கோடு சரி. தூரம்தான் 25 மீட்டர் தப்பு. கூடு இருந்தது நெட்டைப் பனையில் அல்ல, அதன் முன்னால் நின்ற வடலியில், கீழே தொங்கிய காவோலைக்குப் பின்னால், என் நெஞ்சு உயரத்தில். காவோலை கழிக்காத வடலி கடந்தைக்கு நல்ல மறைவு. வெயில் படாது, மழை இறங்காது, மேலேயிருந்து பருந்தும் கீழேயிருந்து நாமும் பார்க்க முடியாது. ட்ராபிகா மரப்பொந்து, மண்ணுக்குள் இருக்கும் வளை, பாழ்க்கட்டடம் என்று மூடிய இடங்களை விரும்புகிற சாதி. இதைப் படித்திருந்தும் நெட்டைப் பனையின் உச்சியைப் பார்த்தேன் என்பதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது.

கரைக்குப் போகும் வழியில் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். வணக்கம் சொன்னேன், கூட்டைப் பற்றிக் கேட்கவில்லை. பின்னால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவரே சொன்னார்: “அந்த வடலிக்கிட்ட நாங்க ஆட்டையே விட மாட்டம் தம்பி. ஐப்பசியிலேர்ந்து இருக்கு. ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பன்ல.” மூன்று நாள் பாகை எடுத்ததற்குப் பதில் மூன்று நிமிடம் பேசியிருந்தால் போதும். காடு கரையில் இறங்குமுன் ஆடு மேய்ப்பவர், பனையேறி, விறகு வெட்டுபவர், நூறு நாள் வேலைக்கு வருகிற பெண்கள் இவர்களிடம் கேளுங்கள். கேட்கும்போது “கூடு எங்கே இருக்கு” என்று மட்டும் கேட்டால் போதாது. “எந்த மரத்துப் பக்கம் ஆட்டை விடுவதில்லை, எங்கே ஓலை வெட்டுவதில்லை” என்று கேட்டால்தான் முழுப் பதில் வரும்.

காலை 8:40 இருக்கும். கறுப்பு டீசர்ட், கருநீலத் தொப்பி. இரண்டுமே தப்பு. தேன்கூட்டை உடைக்க வரும் கரடியிலிருந்து கூடு கலைக்கும் மனிதன்வரை இவற்றுக்குப் பகை எல்லாம் கரிய உருவம். தலைமுடி, கண், லென்ஸின் கறுப்பு வட்டம் இவற்றைத்தான் குறிவைத்து வரும். நெட்டைப் பனைக்கு நேராக வெளிச்சம் நன்றாக விழுகிற இடம் பார்த்து ட்ரைபாடை விரித்தேன். வடலி எனக்கு முதுகுப்பக்கம். இரண்டு கடந்தை வந்து தொப்பியைச் சுற்றின. ஒன்று லென்ஸ் மூடியில் டப்பென்று மோதிவிட்டுப் போனது. ‘அடடா, கிட்டவே வருகிறதே’ என்று மகிழ்ச்சியாக இருந்தது. அது கடைசி எச்சரிக்கை. இரை தேடும் கடந்தை உங்களைப் பார்க்காது, பூவையும் இலையையும் பார்த்து வளைந்து வளைந்து போகும். காவல் கடந்தை உங்களுக்கு நேர் முகமாக, அந்தரத்தில் இடம் வலமாக ஆடிக்கொண்டு நிற்கும். கொட்டாமல் மோதும். இந்த இரண்டில் ஒன்று நடந்தாலும், கூடு கண்ணுக்குத் தெரிகிறதோ இல்லையோ, நீங்கள் கூட்டின் எல்லைக்குள் இருக்கிறீர்கள். கையை வீசாமல், வந்த வழியே, மெதுவாகப் பின்வாங்க இன்னும் நேரம் இருக்கிறது. எனக்கும் ஒரு நிமிடம்போல இருந்தது. அந்த நிமிடத்தில் நான் ட்ரைபாடின் மூன்றாவது காலை நீட்டினேன், அது காவோலை மட்டையில் போய் இடித்தது.

கூட்டைக் கிளப்புவது சத்தத்தைவிட அதிர்வுதான். காய்ந்த மட்டையில் பட்ட ஒரு இடி மரம் முழுக்க ஓடும். நேராகக் கூட்டின்மேல் விடும் மூச்சுக்காற்றும் கிளப்பும். முதல் கொட்டு பிடரியில். சூடு வைத்த கம்பியால் குத்தி அடியில் திருகியது மாதிரி. கொட்டும்போதே விஷத்தோடு ஒரு மணம் வெளியாகும், அது மற்றவற்றுக்கு அழைப்பு. கொட்டிய இடத்தைத் தேடி அடுத்தது வரும். கையால் அடித்து நசுக்கினால் அந்த மணம் இன்னும் கூடும். நான் அடித்தேன், அதனால் ஒன்று இருபத்துமூன்றானது. செய்ய வேண்டியது ஒன்றே: ஓடுவது. நின்று சமாளிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். சட்டையைத் தூக்கியோ துண்டைப் போட்டோ தலை, முகம், கழுத்தை மூடி, காலடி தெரிகிற அளவு மட்டும் இடைவெளி விட்டு, ஒரே திசையில் ஓட வேண்டும். விழுந்தால் கதை முடிந்தது, அதனால் வேகத்தைவிட விழாமல் ஓடுவது முக்கியம். புதருக்குள் படுப்பதும் தண்ணீருக்குள் முங்குவதும் உதவாது, தலையைத் தூக்கும்வரை மேலேயே சுற்றும். கதவு மூடுகிற காரோ வீடோ கிடைத்தால் உள்ளே போய் மூடுங்கள். மக்கள் கூடியிருக்கிற பக்கம் ஓடாதீர்கள், அவர்களுக்கும் சேர்த்து வாங்கிக் கொடுப்பீர்கள். கேமராவை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். நான் பத்தடி ஓடிவிட்டுத் திரும்பினேன். கடைசி ஆறேழு கொட்டு அந்தத் திரும்பலுக்கு.

பைக் நின்ற இடத்துக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். தலையில் ஒன்பது, கழுத்தில் ஐந்து, கையிலும் முதுகிலும் மீதி. வலியைத் தவிர வேறொன்றும் இல்லை, மூச்சு சீராக இருந்தது. தனியாக எட்டு கிலோமீட்டர் பைக் ஓட்டி வீட்டுக்குப் போனேன். அதைவிட முட்டாள்தனம் வேறில்லை. உயிரைப் பறிக்கிற ஒவ்வாமை சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வரும். கொட்டாத இடத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், குரல் கம்முதல், இழுப்பு, வாந்தி, கண் இருட்டுதல்; இதில் எது வந்தாலும் 108. ஒரே கொட்டுக்கும் வரலாம், முன்னால் கொட்டு வாங்கி ஒன்றும் ஆகாதவருக்கும் வரலாம். அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில், பெரியவருக்கு அரை மில்லி. செட்ரிசினும் அவிலும் அரிப்பைத்தான் குறைக்கும், அடைக்கிற தொண்டையைத் திறக்காது. ஊசி வரும்வரை ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரலாம், எழுந்து நடக்கவிடக் கூடாது. சரியாகிவிட்டது என்று தோன்றினாலும் சில மணி நேரம் கழித்து இரண்டாம் முறை வரக்கூடும், அதனால் ஆஸ்பத்திரியில் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மோதிரம், வாட்ச், காப்பு எல்லாவற்றையும் முதல் ஐந்து நிமிடத்திலேயே கழற்றுங்கள். நான் மறந்து, சாயங்காலம் மோதிரத்தை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. சுண்ணாம்பு தடவினார்கள். விஷம் தோலுக்கு உள்ளே ஆழத்தில் இருக்கிறது. மேலே தடவிய சுண்ணாம்பு தோலைப் பொசுக்கியதுதான் மிச்சம். ஐஸ் வைத்தது மட்டும் கொஞ்சம் கேட்டது.

எனக்கு ஒவ்வாமை வரவில்லை. அதனால் தப்பித்தேன் என்று நினைத்தேன், பக்கத்துக் கிளினிக்கிலும் அப்படியே நினைத்தார்கள். டைக்ளோபினாக் ஊசி, செட்ரிசின், டிடி ஊசி, 450 ரூபாய், வீட்டுக்குப் போகலாம். நான் அழுத்திச் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. கடந்தைக் கொட்டில் ஆபத்து இரண்டு. ஒன்று ஒவ்வாமை, அது நிமிடக் கணக்கு. இன்னொன்று விஷத்தின் அளவு, அது நாள் கணக்கு. பல கொட்டு சேர்ந்தால் விஷம் தசையையும் சிவப்பணுவையும் உடைக்கும். உடைந்த சாரம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கும், விஷமே நேராகவும் சிறுநீரகத்தைத் தாக்கும். ஒவ்வாமை துளியும் இல்லாத ஆளுக்கும் இது நடக்கும். 2013-இல் சீனாவின் ஷான்சி மாகாணத்தில் பெருங்குளவி கொட்டி 40 பேருக்கு மேல் இறந்தார்கள். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் வரை போனவர்களும் அதில் பலர். அடையாளம் ஒன்றுதான், வீட்டிலேயே பார்க்கலாம்: சிறுநீர். நிறம் கறுத்த தேநீர் மாதிரி, கோலா மாதிரி ஆனாலோ, அளவு குறைந்தாலோ, உடனே கிளம்ப வேண்டும். வெள்ளைத் தரையில் நிறம் சரியாகத் தெரியாது; ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள்.

எனக்கு மறுநாள் காலை பத்து மணிக்குத் தெரிந்தது. முதுகும் தொடையும் அடித்துப் போட்ட மாதிரி வலி, சிறுநீர் வரக்காப்பி நிறம். அப்போதும் ‘தண்ணி குடிக்கலை, அதான்’ என்று மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் முதல் பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 2.8, 1.2-க்குள் இருக்க வேண்டியது. தசை உடைவைக் காட்டும் சிபிகே 16,400, சாதாரணமாக 200-க்குள். அடுத்த நாள் கிரியேட்டினின் 3.4. நரம்பு வழியாக விடாமல் சலைன் ஏற்றி, மணிக்கு எத்தனை மில்லி சிறுநீர் என்று அளந்து, பொட்டாசியத்தை ஆறு மணிக்கொரு தடவை பார்த்தார்கள். டயாலிசிஸ் மெஷின் பக்கத்து அறையில் என்று சொன்ன ராத்திரி நான் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. நான்காம் நாள் எண் இறங்க ஆரம்பித்தது. முதல் நாள் போட்ட டைக்ளோபினாக்கைப் பற்றிக் கேட்டபோது, சிறுநீரகம் அடிவாங்கும் வாய்ப்புள்ள நேரத்தில் அந்த வகை வலி மருந்தைத் தவிர்ப்பது நல்லது, பாராசிட்டமால் போதும் என்றார் மருத்துவர். ஆகவே பத்துக்கு மேல் கொட்டு என்றால், குழந்தை, முதியவர் என்றால் அதற்குக் குறைவாக இருந்தாலும், உடம்பு நன்றாக இருந்தாலும், அன்றே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் யூரியா, கிரியேட்டினின், சிபிகே, பொட்டாசியம், சிறுநீர் இவற்றைப் பாருங்கள். மறுநாளும் மூன்றாம் நாளும் திரும்பப் பாருங்கள். அந்தப் பரிசோதனைகளுக்கு ஆயிரம் இரண்டாயிரம் ஆகும். நான் அதைத் தவிர்த்துத்தான் 74,000 கட்டினேன். அரசு மருத்துவமனைக்கு நேராகப் போயிருந்தால் அதுவும் ஆகியிருக்காது. எத்தனை கொட்டு, எத்தனை மணிக்கு என்பதைக் குறித்து வையுங்கள், கேட்கிற முதல் கேள்வி அதுதான். செத்த பூச்சி கிடைத்தால் டப்பாவில் போட்டுக் கொண்டுபோங்கள், தேனீயா கடந்தையா என்ற விவாதமே வேண்டியிருக்காது.

இப்போதும் கடந்தை பார்க்கிறேன். எப்படி என்று கேட்டால், இடத்துக்குப் போனதும் முதல் பத்து நிமிடம் கேமரா பையிலேயே இருக்கும். நிற்கப்போகும் இடத்தைச் சுற்றி ஒவ்வொரு புதரையும், காவோலையையும், பொந்தையும், தரையில் இருக்கிற வளையையும் பைனாகுலரில் பார்க்கிறேன். முன்னால் இருப்பதைப் பார்க்குமுன் முதுகுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க வேண்டும். ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று பூச்சி அடுத்தடுத்துப் போய் மறைகிறதா, அங்கே கூடு. கூடு தெரிந்துவிட்டால் 20 மீட்டர் என் எல்லை. அதற்கு 8x42 பைனாகுலர் தாராளம், கேமராவுக்கு 400 எம்எம். வாசலுக்கு நேரே நிற்பதில்லை, அது அவற்றின் சாலை. வாசலுக்குப் பக்கவாட்டில், நான் பார்க்கும் பாதைக்குக் குறுக்கே பறப்பு வரும்படி. உட்காருவதில்லை, நாற்காலி போடுவதில்லை. திரும்பி ஓடும் வழியில் முள் இல்லை, வரப்பு தடுக்காது என்று நடந்து பார்த்துக்கொள்கிறேன். வெளிர் நிறத்தில், வழுவழுப்பான துணியில் முழுக்கை, கழுத்தைச் சுற்றித் துண்டு. சென்ட், வாசனை எண்ணெய் கிடையாது. ஜீன்ஸ் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம், ஒட்டிய துணி எதையும் கொடுக்கு தாண்டும். தேனீ வளர்ப்பவர் போடும் வலைத்தொப்பி நல்லதுதான், வலை மூக்கைத் தொட்டால் மூக்கில் கொட்டு. தனியாகப் போவதில்லை. கூட வருகிறவர் பைக்கில், கூட்டிலிருந்து நூறு மீட்டரில், செல்போனில் சிக்னல் உள்ள இடத்தில் இருப்பார். பலத்த காற்று, தூறல், பக்கத்தில் மரம் வெட்டுகிற நாள் என்றால் திரும்பிவிடுகிறேன். அன்று கூடு ஏற்கெனவே கோபத்தில் இருக்கும்.

என்ன பார்ப்பது? ஐந்து நிமிடத்துக்கு எத்தனை பூச்சி உள்ளே வருகிறது என்று எண்ணுங்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை. எண்ணும்போது மூன்று பத்தி போடுங்கள்: இறைச்சி உருண்டை, மரக்கூழ், வெறுங்கை. வெறுங்கையாக வருவது பெரும்பாலும் இனிப்பு நீர் குடித்தது, அல்லது தண்ணீர் கொண்டுவந்தது. வெயில் ஏறினால் வாசலில் நின்று சிறகு விசிறும், தண்ணீர்ச் சுமை கூடும். கூழ் சுமந்தது சுவரின் விளிம்பில் பின்னோக்கி நடந்துகொண்டே மெல்லிய பட்டையாகப் பூசும். ஒரு நடைக்கு ஒரு வரி, எந்த மரத்தில் சுரண்டியதோ அந்த நிறம். இவ்வளவையும் 20 மீட்டரிலிருந்தே பார்க்கலாம். கிட்டப் போய் நான் கூடுதலாகப் பார்த்தது எதுவுமில்லை.

கிட்டத்திலேயே பார்க்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்குத் தனியாக வாழும் பெரிய குளவிகள் இருக்கின்றன. அவற்றுக்குக் காக்க ஒரு படை இல்லை, கையால் பிடித்தாலொழியக் கொட்டாது. சுவரில் களிமண் குடுவை செய்யும் வேட்டுவன் குளவியை ஒரு முழத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். ‘கொட்டக் கொட்டப் புழு குளவியாகும்’ என்று நம்மிடம் ஒரு பழைய பேச்சு உண்டு. குடுவைக்குள் போவது மரத்துப்போன புழு, வெளியே வருவது அதைத் தின்று வளர்ந்த குளவியின் பிள்ளை. சிலந்தியை இழுத்துக்கொண்டு பின்னோக்கி நடக்கும் நீலக்குளவி, எருக்குழிமேல் தாழப் பறந்து வண்டுப் புழுவைத் தேடும் பெரிய கருங்குளவி, இவையெல்லாம் கடந்தையைவிட அளவில் குறைந்தவை அல்ல.

கூட்டைத் தீயணைப்புத் துறையினர் ஒரு வாரத்தில் ராத்திரி வந்து எரித்துவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த செய்தி பரவி, ஊரில் யாரோ மனு கொடுத்திருக்கிறார்கள். ஐப்பசியிலிருந்து அங்கே இருந்து யாரையும் கொட்டாத கூடு. பெரியவர் ஆட்டை ஒதுக்கி ஓட்டியே சமாளித்திருந்தார். என்னால் போயிற்று என்பது உறுத்தத்தான் செய்கிறது. தை பிறந்தபின் அவரோடு போய்ப் பார்த்தேன். வடலி பாதி கருகி நின்றது, அடியில் வெளிச்சுவர் துண்டு ஒன்று கையகலத்துக்குக் கிடந்தது. சாம்பல் வரி, பழுப்பு வரி, நடுவில் ஒரே ஒரு சிவப்பு வரி, எந்த மரமோ தெரியவில்லை. ட்ரைபாட் கால் பதிந்த குழி மூன்றும் கரம்பையில் இறுகி அப்படியே இருந்தன. பெரியவர் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். வடலியின் தண்டுவரை ஒரு மீட்டர் எண்பது.